பாடலாசிரியை அடலெயிட் புரொக்டர்

கண்டி புனித அந்தோனியார் பேராலயத்தில் திருப்பலி கண்டு இல்லம் திரும்புகையில், பாடிய பாடல்களை இயற்றியோர் யாரென எண்ணியதுண்டா? பாடல் நிலைக்க, இயற்றியவர் பெயர் மறைவதே உலக வழமை.

1825இல் இலண்டனில் பிறந்த அடலெயிட் புரொக்டர் அம்மையாரோ தம் பெயரைத் தாமே மறைத்தவர். எழுத்தாளர் டிக்கன்ஸ் அவருடைய தந்தையின் நண்பர். நட்புக்காகத் தம் கவிதைகள் ஏற்கப்படலாகாது என்று, மேரி பெர்விக் என்னும் புனைபெயரிலேயே டிக்கன்ஸின் இதழுக்கு அனுப்பினார். 1851இல் கத்தோலிக்க மறையைத் தழுவினார்.

பெண்களே எழுத்துக் கோத்த விக்டோரியா அச்சகத்தில் அச்சாகிய தொகுப்பு நூலொன்றை 1861இல் பதிப்பித்தார். அச்சுத் தொழிலில் பெண்கள் நுழைவதை ஆண் தொழிலாளர் கடுமையாக எதிர்த்த காலம் அது! மறு ஆண்டு தாம் வெளியிட்ட பக்திக் கவிதை நூலின் வருவாயை, வீடற்ற பெண்களுக்கும் சிறார்க்கும் இலண்டனில் இயங்கிய கத்தோலிக்க இரவுப் புகலிடத்துக்கு அளித்தார்.

காசநோயால் பல மாதங்கள் படுக்கையுற்று, 1864 பெப்ரவரி 2, ஆண்டவரைக் காணிக்கையாக்கிய விழாவன்று, 38 வயதில் இறைவனடி சேர்ந்தார்.

ஆர்கன் வாசிக்கையில் தற்செயலாய் எழுந்து மறைந்த இசையொன்றைத் தேடித் தவிக்கும் உள்ளத்தை அவர் பாடியிருந்தார். 1877இல், மரணப் படுக்கையிலிருந்த தமையனின் அருகிருந்து ஆர்தர் சலிவன் அதற்கு இசையமைத்தார். இசைத்தாள்கள் பல்லாயிரமாய் விற்பனையாயின. கேட்டு மகிழ அம்மையார்தான் இல்லை.