ஒற்றைக் காலில் நின்று மண்ணுக்கு நிறம் கொடுத்த குயவர்: ஜோசயா வெட்ஜ்வுட்

கோலசிலாங்கூர் கம்போங் குவாந்தான் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மின்மினிப்பூச்சி. நமக்கோ மண்பானை. பொங்கல், தீபாவளி வந்துவிட்டால் ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் என்று சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து குடும்பத்தோடு காரில் போய்ப் பானையும் சட்டியும் அகல் விளக்கும் வாங்கி வருகிறோம்.

இப்போதெல்லாம் கடைகளில் வர்ணம் அடித்த அகல் விளக்குகளும் கிடைக்கின்றன. பார்க்க அழகுதான். ஆனால் இரண்டு நாள் எண்ணெய் ஊற்றி ஏற்றினால் தங்க நிறம் உரிந்துவிடும். அடியில் இருக்கும் மண்ணின் சிவப்பு மட்டும் அப்படியே நிற்கும். மேலே பூசிய நிறம் போகிறது, மண்ணுக்குள் இருக்கும் நிறம் போகவில்லை.

இந்த வித்தியாசத்தின் பின்னால் தன் வாழ்நாளையே செலவிட்ட ஒரு குயவரின் கதை இது. அவர் பெயர் ஜோசயா வெட்ஜ்வுட். இறந்து 230 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் அவருடைய வாழ்க்கை நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்த கதையையும் ஓரிடத்தில் தொட்டுச் செல்கிறது.

பள்ளியை விட்ட சிறுவன்

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷையர் வட்டாரத்தில் பர்ஸ்லம் என்ற ஊர். அங்கே பரம்பரையாக மண்பாண்டம் செய்துவந்த குடும்பத்தில் 1730இல் கடைக்குட்டியாகப் பிறந்தார் ஜோசயா. ஒன்பது வயதில் தந்தை இறந்துபோனார். பள்ளிக்கூடம் அத்தோடு நின்றது. அண்ணனுக்குப் போன தொழிற்கூடத்தில் சக்கரத்தில் உட்கார்ந்தார்.

கை நன்றாக ஓடியது. ஆனால் பன்னிரண்டு வயதை ஒட்டி ஊரில் பெரியம்மை பரவி அவரையும் படுக்கையில் தள்ளியது. உயிர் பிழைத்தார், வலது முழங்கால் பிழைக்கவில்லை. அந்தக் காலத்துச் சக்கரத்தைக் காலால் மிதித்துச் சுற்ற வேண்டும். மிதிக்கக் கால் இல்லாத குயவன் என்ன செய்வான்?

மற்றவர்கள் சக்கரம் சுற்றிய நேரத்தில் அவர் மண்ணைக் கலந்து பார்த்தார். எந்த மண்ணோடு எந்தக் கல்லை அரைத்துச் சேர்த்தால் என்ன நிறம் வரும், எந்தச் சூட்டில் அது கெடும் என்று சோதிக்கத் தொடங்கினார். கால் முடங்கியது ஒரு வகையில் அவரை வேறு பாதையில் நடக்க வைத்தது.

சூளைக்குத் தப்பும் நிறம்

மஞ்சள், சாயம், இலைச்சாறு என்று நாம் அறிந்த பெரும்பாலான நிறங்கள் சூளைக்குள் போனால் சாம்பல். ஆயிரம் டிகிரிச் சூட்டைத் தாங்கி வெளியே வருபவை உலோகம் கலந்த கனிமங்களே. இரும்பு சிவப்பும் பழுப்பும் தரும். செம்பு பச்சை தரும். மாங்கனீசு கபிலமும் ஊதாவும் தரும். கோபால்ட் நீலம் தரும்.

நம் சட்டி சிவப்பதும் மண்ணில் இருக்கும் இரும்பால்தான். அதே மண்ணைச் சூளையில் காற்றுப் புகாமல் அடைத்துப் புகைமூட்டினால் கறுத்துவிடும். நம் குயவர்கள் இதைத் தலைமுறை தலைமுறையாகக் கையால் அறிந்தவர்கள்.

சிக்கல் என்னவென்றால், சூளைக்குப் போகும் முன் நிறத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. கோபால்ட் கலவை சுடும் முன் கறுப்பாகவோ மங்கலாகவோ இருக்கும். வெந்த பிறகுதான் நீலம். அளவு சற்றுக் கூடினாலும் சூடு சற்று ஏறினாலும் வேறு நிறம். ஒரு சூளைச் சரக்கு மொத்தமும் வீணாகலாம்.

1754இல் தாமஸ் வில்டன் என்ற பெயர்பெற்ற குயவரோடு கூட்டுச் சேர்ந்தார் வெட்ஜ்வுட். 1759இல் சோதனைகளை எழுதிவைக்க ஒரு குறிப்பேட்டைத் தொடங்கினார். ஒவ்வொரு சோதனைக்கும் ஓர் எண். வெந்த சின்னத் துண்டிலும் அதே எண். என்ன கலந்தோம், எவ்வளவு, சூளையில் எந்த இடத்தில் வைத்தோம், என்ன ஆனது என்று வெற்றியையும் தோல்வியையும் சேர்த்தே எழுதினார். போட்டியாளர்கள் திருடாமல் இருக்கப் பொருள்களின் பெயர்களைச் சங்கேதக் குறிகளில் மறைத்தார்.

முதலில் கைகூடியது, செம்பு கலந்த பச்சைக் கிளேஸ். கிளேஸ் என்பது பாத்திரத்தின் மேல் கண்ணாடிபோல் உருகிப் படியும் பூச்சு. அந்தப் பச்சையைப் பூசிக் காலிபிளவர் வடிவிலும் அன்னாசி வடிவிலும் தேநீர்க் கூசாக்கள் செய்தார்கள். அதே 1759இல் சொந்தத் தொழில் தொடங்கினார்.

1764இல் உறவுக்காரப் பெண் சாராவை மணந்தார். அவரும் சங்கேதக் குறிகளைக் கற்றுக்கொண்டு சோதனைகளில் துணைநின்றார்.

அடுத்து நிறத்தைக் கழிக்கும் வேலை. வெளிறிய களிமண்ணும் தீக்கல் பொடியும் சேர்த்துப் பாலாடை நிறத்தில் மலிவான, உறுதியான பாத்திரங்கள் செய்தார். 1765இல் அரசி சார்லட் வாங்கிய பிறகு அதற்கு அரசிப் பாத்திரம் என்றே பெயராகிவிட்டது. சீனப் பீங்கான் வாங்க முடியாத வீடுகளுக்கும் நல்ல தட்டு வந்து சேர்ந்தது.

கால் போனது, பிடிவாதம் போகவில்லை

முழங்கால் வலி தீரவேயில்லை. 1768 மே 28ஆம் தேதி அந்தக் காலை வெட்டி எடுத்தார்கள். மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே அதைத் தாங்கினார். பிறகு மரக்காலோடு நடந்தார்.

மறு ஆண்டு எட்ரூரியா என்ற பெரிய தொழிற்சாலையைத் திறந்தார். அதே காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வடியும் இரும்புச் சேற்றையும் மாங்கனீசையும் களிமண்ணில் கலந்து, உள்ளும் புறமும் கறுப்பான பாத்திரத்தைச் செய்தார். உடைத்துப் பார்த்தாலும் கறுப்பு.

அதோடு நிற்கவில்லை. நீலம், பச்சை, ஊதா என்று எந்த நிறத்தையும் ஏற்கும் வெள்ளை மண் ஒன்று வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். சொல்லளவிலும் உண்மையிலும் அப்படித்தான்.

மண் வெடித்தது, கொப்பளித்தது, உருகி ஓடியது. நீல மண்ணின் மேல் ஒட்டிய வெள்ளை உருவத்தில் நீலம் கசிந்து அழுக்காக்கியது. பேரியம் கலந்த ஒருவகைக் கனமான கல் டெர்பிஷையர் பக்கம் கிடைத்தது. அதை அரைத்துச் சேர்த்தபோதுதான் வழி திறந்தது. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின், 1770களின் நடுவில் ஜாஸ்பர் என்ற மண் கைக்கு வந்தது. கிளேஸ் இல்லாமலே பட்டுப்போல் இருக்கும். இளநீலப் பரப்பில் வெள்ளை உருவங்கள் கொண்ட அந்தப் பாத்திரங்களை இன்றும் உலகம் அவர் பெயரால்தான் அழைக்கிறது.

கோபால்ட் விலை கடுமையாக இருந்ததால், 1777 முதல் வெள்ளை மண்ணை நிற மண்குழம்பில் முக்கி எடுக்கும் முறையையும் கையாண்டார். அந்தச் சோதனைத் துண்டுகள் ஆயிரக்கணக்கில் எண்ணோடு இன்றும் ஸ்டாஃபோர்ட்ஷையர் பார்லஸ்டன் ஊரில் பாதுகாக்கப்படுகின்றன.

சூளைச் சூட்டை அளக்கவும் ஒரு கருவி செய்தார். சூடு ஏற ஏறக் களிமண் சுருங்கும். எவ்வளவு சுருங்கியது என்று அளந்தால் எவ்வளவு சூடு என்று ஒப்பிடலாம். இதற்காக 1783இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. ஒன்பது வயதில் பள்ளியை விட்டவர் நாட்டின் தலைசிறந்த விஞ்ஞானிகளோடு அமர்ந்தார்.

மணியோசையும் பசியும்

அவரைத் தெய்வமாக்கிவிட வேண்டாம். தோட்டத்துப் பெரட்டு மணிபோல அவரும் மணியடித்தே ஆட்களை வேலைக்கு அழைத்தார். நேரம் தவறினால் விடமாட்டார். 1783இல் உணவு விலையேற்றத்தால் பசித்த மக்கள் எட்ரூரியாவில் படகை மறித்துத் தானியத்தை எடுத்தபோது, படை வந்தது. ஒருவர் தூக்கிலிடப்பட்டார். அப்போது அவர் கலகக்காரர்கள் பக்கம் நிற்கவில்லை. அக்கால மண்பாண்டத் தொழிலில் கிளேஸுக்கு ஈயம் சேர்த்தார்கள். அதில் கைவைத்து வேலைசெய்தவர்கள் ஈய நஞ்சால் நோயுற்றார்கள். அந்த அழகுக்கு விலை கொடுத்தவர்கள் தொழிலாளர்கள்.

இன்றும் இதில் கவனம் வேண்டும். சில பளிச்சென்ற நிறப்பூச்சுகளில் ஈயமும் காட்மியமும் இருக்கலாம். அலங்காரத்துக்கென்று விற்கும் வர்ணச் சட்டியில் புளிக்குழம்பு வைக்கக் கூடாது.

மண்ணில் எழுந்த கேள்வி

அதே மனிதர்தான் 1787இல் வேறொரு காரியம் செய்தார். அந்த ஆண்டு லண்டனில் அடிமை வியாபாரத்தை ஒழிக்க ஒரு சங்கம் உருவானது. அதன் குழுவில் சேர்ந்தார். தன் தொழிற்சாலைச் சிற்பி வில்லியம் ஹாக்வுட்டைக் கொண்டு ஒரு சின்னப் பதக்கம் செய்யவைத்தார். வெளிர் நிற ஜாஸ்பர் மண்ணில் கறுப்பு உருவம். சங்கிலியால் கட்டப்பட்டு மண்டியிட்டிருக்கும் ஆப்பிரிக்க மனிதர். தானும் மனிதன் அல்லவா, சகோதரன் அல்லவா என்று கேட்கும் வாசகம் சுற்றிலும்.

காசு வாங்கவில்லை. தன் செலவில் செய்து விநியோகித்தார். 1788இல் ஒரு பொதி பிலடெல்பியாவில் இருந்த பெஞ்சமின் பிராங்க்ளினுக்குப் போனது. பெண்கள் அதைக் கைவளையிலும் கொண்டை ஊசியிலும் பதித்து அணிந்தார்கள். இத்தனை ஆண்டு தேடிய நிறம், இப்போது ஒரு மனிதரின் தோலின் நிறமாகி நியாயம் கேட்டது.

ஆனால் அவருடைய அழகான கோப்பைகளில் ஊற்றிய தேநீருக்குச் சர்க்கரை, கரிபியன் தீவுகளில் அடிமைகள் வெட்டிய கரும்பிலிருந்து வந்தது. அந்த உருவம் ஏன் மண்டியிட்டுக் கெஞ்ச வேண்டும், ஏன் நிமிர்ந்து நிற்கக் கூடாது என்று பிற்காலத்தார் கேட்டதும் நியாயம்தான்.

1795 ஜனவரி 3ஆம் தேதி அவர் இறந்தார். பரிணாமக் கொள்கையைச் சொன்ன சார்ல்ஸ் டார்வின் அவருடைய மகள் வயிற்றுப் பேரன். பிரிட்டன் அடிமை வியாபாரத்தை 1807இல் தடைசெய்தது. அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் வந்து, 1834இல் அமலானது.

அதோடு கதை முடியவில்லை. அடிமைகள் இல்லாத கரும்புத் தோட்டங்களுக்கு வேறு கைகள் தேவைப்பட்டன. கப்பல்கள் இந்தியா பக்கம் திரும்பின. மொரிஷியஸ், கயானா, டிரினிடாட் என்று போன ஒப்பந்தக் கூலிகளில் தமிழர்களும் இருந்தார்கள். மலாயாவில் புரொவின்ஸ் வெல்லெஸ்லி கரும்புத் தோட்டங்களுக்கும், பின்னால் சிலாங்கூர் காப்பி, ரப்பர்த் தோட்டங்களுக்கும் நம்மவர்கள் வந்தார்கள். இங்கே ஒப்பந்தக் கூலி முறை 1910இல்தான் ஒழிக்கப்பட்டது. அதற்குள் எத்தனை பேர் பால்மரக் காட்டுக்கு உரமானார்கள்! அவர்களுக்காக யாரும் பதக்கம் செய்யவில்லை.

நமக்கு என்ன?

வெட்ஜ்வுட்டின் கைத்திறமைக்குச் சற்றும் குறையாத கைகள் நம் கோலசிலாங்கூரிலும் உண்டு. அவரிடம் இருந்து நம்மிடம் குறைவது ஒன்றுதான்: குறிப்பேடு. எந்த ஆற்றோர மண், எவ்வளவு மணல், எத்தனை நாள் காய்ச்சல், சூளையில் எந்த விறகு என்பதெல்லாம் பெரியவர்களின் விரலிலும் நினைவிலும் மட்டுமே இருக்கின்றன. அந்த விரல் ஓய்ந்தால் பாடமும் ஓய்ந்துவிடும்.

வரும் பொங்கலுக்குப் பானை வாங்கப் போகும்போது பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். அந்தப் பெரியவர் அனுமதித்தால் சூளைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதவிடுங்கள். தோற்ற கதைகளையும் சேர்த்தே எழுதட்டும்.