விதை விழுந்த இடம்

கெலாங் பாத்தாவிற்கு மேற்கே சுங்கை பூலாய் ஆறு கடலோடு கலக்கிறது. அதன் கரையெங்கும் கண்டல் மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. கண்டலின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய் போல் நீண்டு தொங்கும். நீர் வற்றியிருக்கும் வேளையில் அது விழுந்தால் தாய்மரத்தின் அடியிலேயே சேற்றில் குத்தி நின்று வேர்விடக்கூடும். நீர் பெருகியிருக்கும் வேளையில் விழுந்தால் அலையோடு மிதந்து எங்கோ ஒரு கரையில் ஒதுங்கும். எந்த வேளையில் காம்பு அறுபடும் என்பதை மரம் தீர்மானிப்பதில்லை.

விதைகள் இவ்வாறு இடம்விட்டு இடம் செல்வதைத் தம் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர் ஹென்றி நிக்கலஸ் ரிட்லி. மலாயாவின் நிலத்தையும் அதில் வாழ்ந்த மக்களின் வாழ்வையும் மாற்றிய மனிதர்களுள் அவர் ஒருவர். அவருடைய கதையில் தற்செயலுக்கும் பெரும்பங்கு உண்டு.

ரிட்லி 1855ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் பிறந்தார். ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் பயின்றபின், 1880இல் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் தாவரவியல் பிரிவில் பணியில் சேர்ந்தார். 1887இல் பிரேசிலின் கரைக்கு அப்பால், நடுக்கடலில் உள்ள பெர்னாண்டோ டி நொரோன்யா என்னும் சிறு தீவுக்குச் சென்று செடிகொடிகளைச் சேகரித்தார். மறு ஆண்டு சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராகப் பொறுப்பேற்றார். தமிழர்கள் பூமலை என்று அழைக்கும் பூங்கா அதுவே.

அங்கே அவருக்காக ஒரு மரம் காத்திருந்தது. அம்மரம் அங்கு வந்து சேர்ந்ததே பல தற்செயல்களின் விளைவாகும். தென் அமெரிக்காவின் அமேசான் காட்டில் வளர்ந்த ரப்பர் மரத்தின் பால், நெடுங்காலம் பெரும் பயன் தரவில்லை. அதில் செய்த பொருள்கள் வெயிலில் இளகின. குளிரில் இறுகி வெடித்தன. 1839இல் அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர், கந்தகம் கலந்த ரப்பர் சூடுபட்டால் உறுதியும் நெகிழ்வும் பெறுவதைக் கண்டறிந்தார். அக்கலவை தவறுதலாகச் சூடான அடுப்பின்மீது விழுந்ததே அக்கண்டுபிடிப்புக்குக் காரணம் என்பர். அதன்பின் ரப்பரின் தேவை பெருகியது.

1876இல் ஹென்றி விக்காம் என்பவர் அமேசானிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தாவரவியல் பூங்காவிற்குக் கொண்டு சேர்த்தார். ரப்பர் விதை சில வாரங்களிலேயே முளைக்கும் திறனை இழந்துவிடும். எனவே, அவற்றுள் 3,000க்கும் குறைவானவையே முளைத்தன. கப்பல் இன்னும் சில நாள் தாமதித்திருந்தால் அவையும் மடிந்திருக்கலாம். முளைத்த கன்றுகளில் பெரும்பாலானவை இலங்கைக்கு அனுப்பப்பட்டன. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுள் சில பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன.

ரிட்லி சிங்கப்பூருக்கு வந்தபோது அம்மரங்களை மதிப்பார் எவருமில்லை. ஆனால், அதே 1888ஆம் ஆண்டில் ஜான் டன்லப் என்பவர் தம் மகனின் மூன்றுசக்கர வண்டிக்காகச் செய்து பார்த்த காற்றடைத்த ரப்பர் சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். டன்லப்பின் முயற்சியை ரிட்லி அறியார். ரிட்லியின் மரங்களை டன்லப்பும் அறியார். எனினும், இவ்விரண்டும் பின்னாளில் ஒன்றோடொன்று பிணைந்தன.

அமேசான் காட்டில் மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் எடுத்தனர். அதனால் மரம் புண்பட்டு நலிந்தது. ரிட்லி பல ஆண்டுகள் பொறுமையுடன் வேறு வழியைத் தேடினார். மரப்பட்டையை மெல்லிய சீவலாக மட்டும் வெட்டினால் உள்மரம் காயப்படாது. பட்டை மீண்டும் வளரும். பழைய வெட்டின் ஓரத்தையே மறுபடியும் சீவினால் பால் கூடுதலாக வடியும். வெயில் ஏறுமுன் அதிகாலையில் வெட்டுவதே சிறந்தது. இவற்றையெல்லாம் அவர் சோதித்து அறிந்தார். மீன்முள் போன்ற சாய்ந்த கோடுகளாகப் பட்டையைச் சீவும் முறை இவ்வாறு உருவானது.

ஆயினும், தோட்ட முதலாளிகள் அவருக்குச் செவிசாய்க்கவில்லை. அப்போது மலாயாவில் காப்பி நல்ல வருமானம் தந்துகொண்டிருந்தது. பலன் தரப் பல ஆண்டுகள் ஆகும் ஓர் அயல்நாட்டு மரத்தை நட எவரும் விரும்பவில்லை. ரிட்லியோ சந்தித்தவர்களின் சட்டைப்பைகளில் எல்லாம் ரப்பர் விதைகளைத் திணித்து அனுப்பினார் என்று சொல்வதுண்டு. பலரும் அவரைப் பைத்தியக்காரர் என்று கேலி பேசினர்.

1890களின் பிற்பகுதியில் நிலைமை மாறியது. பிரேசிலில் காப்பி விளைச்சல் பெருகியதால் உலகச் சந்தையில் அதன் விலை சரிந்தது. மலாயாவின் காப்பிச் செடிகளையும் புழுக்கள் தின்று அழித்தன. முதலாளிகள் மாற்றுப் பயிரைத் தேடினர். மலாக்காவில் டான் சே யான் என்ற சீன வணிகர் ரிட்லியின் சொல்லை நம்பி 1896இல் ரப்பர் பயிரிட்டிருந்தார். அவரைப் பின்பற்றிப் பலரும் காடுகளை அழித்து ரப்பர் நட்டனர். அக்காலத்தில்தான் மோட்டார் வண்டிகளும் பெருகின. ரப்பரின் விலை ஏறியது.

பால்மரம் வெட்ட ஆள் தேவைப்பட்டது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து கங்காணிகள் மூலமாகவும் வேறு வழிகளிலும் இலட்சக்கணக்கானோர் கப்பலேறி வந்தனர். ஜொகூர் உட்பட மலாயாவின் பல மாநிலங்களில் தோட்டப்புறங்கள் தோன்றின. விடியுமுன் எழுந்து, மரம் மரமாய்ச் சென்று, மங்குகளில் வடிந்த பாலைச் சேகரித்த அம்மக்களின் வாழ்க்கை எளிதாக இருக்கவில்லை. குறைந்த கூலியிலும் நோயிலும் அவர்கள் வாடினர். அவர்களுள் பலர் ரிட்லியின் பெயரைக் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால், அவர் கண்டறிந்த வெட்டு முறையே அவர்களுடைய அன்றாட வேலையாயிற்று.

ஓரிடத்தின் நல்வாய்ப்பு மற்றோரிடத்தின் இழப்பாகவும் அமைந்தது. 1913இல் ஆசியத் தோட்டங்களின் ரப்பர் உற்பத்தி காட்டு ரப்பரை மிஞ்சியது. அமேசானின் ரப்பர் வணிகம் வீழ்ந்தது. அங்கே ரப்பரைத் தோட்டமாகப் பயிரிட முயன்றோர் இலைகளைக் கருகச் செய்யும் ஒரு பூஞ்சை நோயால் தோற்றனர். 1928இல் அமெரிக்கத் தொழிலதிபர் ஹென்றி ஃபோர்டு அங்குத் தொடங்கிய பெருந்தோட்டமும் அவ்வாறே வீணாயிற்று. விக்காம் கொண்டுசென்ற விதைகளோடு அப்பூஞ்சை கடல் கடக்கவில்லை. வந்திருந்தால் மலாயாவின் வரலாறும் வேறாகியிருக்கும்.

ரிட்லி இருபதாண்டுகளுக்கு மேல் பணியாற்றியபின் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பினார். மலாயாத் தீபகற்பத்தின் தாவரங்களைப் பற்றி ஐந்து தொகுதிகள் எழுதினார். 1930இல் உலகெங்கும் தாவரங்கள் பரவும் விதத்தை விளக்கும் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். காற்றில் பறக்கும் விதைகள், கடலில் மிதக்கும் கனிகள், பறவையின் வயிற்றிலும் விலங்கின் உரோமத்திலும் பயணம் செய்யும் வித்துகள், மனிதனின் சரக்கு மூட்டையோடு நாடு கடக்கும் களைகள் ஆகியவற்றை அந்நூல் விவரிக்கிறது. தம் 100ஆம் பிறந்த நாளையும் கண்ட ரிட்லி, 1956ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் கியூவில் காலமானார்.

ஓர் அடுப்பு, ஒரு கப்பல், ஒரு சிறுவனின் வண்டி, ஒரு புழு, வராமல் போன ஒரு நோய் ஆகியவற்றுள் எதையும் ரிட்லி திட்டமிடவில்லை. அவரால் இயன்றது, கையில் கிடைத்த சில மரங்களைக் கேலிக்கு அஞ்சாமல் கவனித்துப் பேணுவதே. காப்பி வீழ்ந்தபோது விதையும் வெட்டு முறையும் ஆயத்தமாக இருந்ததற்கு அதுவே காரணம்.

சுங்கை பூலாய்க் கரையில் இன்றும் கண்டல் விதைகள் விழுகின்றன. சில தாய்மரத்தின் அடியிலேயே நிற்கின்றன. சில கடலோடு போகின்றன. எங்கே ஒதுங்கினாலும், அங்குள்ள சேற்றைப் பற்றிக்கொண்டு வேர்விடுவதே அவற்றின் இயல்பு.