டேவிட் மார்: சிறுமூளை கற்கும் விதத்தைக் கணிதத்தால் விளக்கியவர்

டேவிட் மார் (1945–1980) இங்கிலாந்து நாட்டைச் சேர்ந்த நரம்பறிவியல் அறிஞர். சிறுமூளையில் உள்ள நரம்பணுக்களின் வலையமைப்பு எவ்வாறு அசைவுகளைக் கற்றுக்கொள்கிறது என்பதை முதன்முதலில் விரிவான கணிதக் கோட்பாடாக வகுத்தவர்களுள் முதன்மையானவர். இன்று கணினியில் உருவாக்கப்படும் சிறுமூளை மாதிரிகளில் பெரும்பாலானவை அவரது சிந்தனையிலிருந்து தொடங்குகின்றன. சிறுமூளைப் பாதிப்பால் நடை தள்ளாடுவோரும் அவர்களைப் பராமரிப்போரும் பயிற்சியின் தேவையைப் புரிந்துகொள்ள இவரது வாழ்வும் பணியும் துணைபுரியும்.

பிறப்பும் கல்வியும்

மார் 1945ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் நாள் எசெக்ஸ் மாவட்டத்தின் உட்ஃபோர்டு என்னும் ஊரில் பிறந்தார். ரக்பி பள்ளியில் பயின்ற பின்னர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியில் கணிதம் கற்றார். கணிதத்திலேயே மேலும் ஆராய்ச்சி செய்யும் வாய்ப்பு இருந்தும், மூளை இயங்கும் முறையை அறியும் ஆர்வம் அவரை உடலியங்கியல் பக்கம் திருப்பியது. கைல்ஸ் பிரிண்ட்லி என்னும் உடலியங்கியல் அறிஞரின் வழிகாட்டுதலில் அவர் தம் ஆய்வைத் தொடங்கினார்.

சிறுமூளையைத் தேர்ந்தெடுத்த காரணம்

சிறுமூளை தலையின் பின்புறத்தில், பெருமூளைக்குக் கீழே அமைந்துள்ளது. எடையில் இது மூளையின் பத்தில் ஒரு பங்கு அளவே. ஆயினும் மூளையின் நரம்பணுக்களில் பாதிக்கும் மேற்பட்டவை இதற்குள்ளேயே அடங்கியுள்ளன. சிறுமூளை அசைவைத் தானே தொடங்குவதில்லை. தொடங்கிய அசைவின் அளவு, வேகம், நேரம் ஆகியவற்றைச் சீர்ப்படுத்துகிறது.

இதன் உள்ளமைப்பு மிகவும் ஒழுங்கானது. ஒரே வகையான இணைப்புமுறை மேற்பரப்பு முழுவதும் திரும்பத் திரும்ப அமைந்திருக்கிறது. ஜான் எக்கிள்ஸ், மசாவ் இட்டோ, யானோஷ் சென்டகொதாய் ஆகிய மூவரும் 1967ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் இந்த இணைப்புகளை விரிவாக விளக்கியிருந்தது. எந்த அணு எதனுடன் இணைகிறது என்பது தெரிந்திருந்தது. அந்த இணைப்புகள் எதற்காக என்பது தெரியவில்லை. அந்த வினாவையே மார் எடுத்துக்கொண்டார்.

1969ஆம் ஆண்டின் கோட்பாடு

தமது 24ஆம் வயதில், 1969இல், சிறுமூளைப் புறணி பற்றிய கோட்பாட்டை மார் வெளியிட்டார். அதன் சாரம் பின்வருமாறு:

சிறுமூளையின் முதன்மையான நரம்பணு பர்கின்ஜி அணு எனப்படும். ஓர் அணுவுக்கு இரண்டு வழிகளில் செய்திகள் வருகின்றன. முதல் வழி, இலட்சத்துக்கும் மேற்பட்ட மெல்லிய இணை இழைகள். உடல் இப்போது எந்த நிலையில் உள்ளது, கை எங்கே இருக்கிறது என்பன போன்ற செய்திகளை இவை கொண்டுவருகின்றன. இரண்டாம் வழி, ஏறு இழை எனப்படும் ஒரே ஓர் இழை. அது கொடிபோல் அணுவைச் சுற்றிப் படர்ந்து, மிக வலிமையான தூண்டலைத் தருகிறது.

இந்த ஒற்றை இழை ஓர் ஆசிரியரைப் போன்றது என மார் கருதினார். ஏறு இழை தூண்டப்படும் அதே நேரத்தில் செயல்படும் இணை இழைகளின் இணைப்புகள் வலிமையில் மாற்றம் அடையும். அந்த மாற்றமே கற்றல் என்பது அவரது முடிவு. பலமுறை பழகிய பின்னர் ஆசிரியரின் உதவியின்றியே சிறுமூளை அசைவைச் சீராக வழிநடத்தும். முதலில் கவனத்துடன் செய்த செயல், பிறகு தன்னியல்பாக நிகழ்வதன் காரணம் இதுவே.

சோதனையும் திருத்தமும்

இணைப்புகள் வலுப்பெறும் என்று மார் எதிர்பார்த்தார். 1971ஆம் ஆண்டு அமெரிக்கப் பொறியாளர் ஜேம்ஸ் ஆல்பஸ் இதையொத்த கோட்பாட்டை வெளியிட்டு, இணைப்புகள் வலுவிழக்கும் என்றும், ஏறு இழை தரும் செய்தி பிழையைச் சுட்டுவது என்றும் கூறினார். ஜப்பானில் மசாவ் இட்டோவும் அவரது குழுவினரும் 1982இல் வெளியிட்ட சோதனை முடிவுகள் ஆல்பஸின் கணிப்பை ஆதரித்தன. மாற்றத்தின் திசையில் மார் தவறினார். மாற்றம் நிகழும் இடத்தைச் சரியாகச் சுட்டினார். இம்முடிவு வருமுன்னரே அவர் மறைந்துவிட்டார்.

மாரின் கோட்பாடு தாளில் எழுதிய கணிதமாகவே இருந்தது. பின்னர் வந்த ஆய்வாளர்கள் அதைக் கணினியில் இயக்கிப் பார்த்தனர். சிறுமூளையில் கற்றல் ஓரிடத்தில் மட்டுமன்றிப் பல இடங்களில் நிகழ்கிறது என்பதும் இன்று அறியப்பட்டுள்ளது. கணினி மாதிரிகள் ஆராய்ச்சிக்கான கருவிகளே. அவை நோயறியும் சோதனையோ சிகிச்சையோ அல்ல.

அமெரிக்காவில் பணியும் இறுதி ஆண்டுகளும்

1973இல் மார் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்குச் சென்றார். இணைப்புகளை மட்டும் அறிவது போதாது, மூளை எந்தப் பணியைச் செய்கிறது என்பதை முதலில் தெளிவாக வரையறுக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். அங்கே கண் காணும் காட்சியை மூளை எவ்வாறு புரிந்துகொள்கிறது என்பதை ஆராய்ந்தார்.

முப்பத்து மூன்று வயதை ஒட்டி அவருக்கு இரத்தப் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. சிகிச்சைக்கு இடையிலும் தம் கருத்துகளைத் தொகுத்துப் பார்வை பற்றிய நூலை எழுதினார். 1980ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள், 35ஆம் வயதில் காலமானார். நூல் 1982இல் வெளிவந்தது. கணினிப் பார்வைத் துறையில் அவர் பெயரால் பரிசு ஒன்று வழங்கப்படுகிறது.

நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

பக்கவாதம், கட்டி, மரபுவழி நோய்கள், நெடுநாள் மதுப்பழக்கம், சில மருந்துகள் முதலியவற்றால் சிறுமூளை பாதிக்கப்படலாம். அப்போது நடை அகன்று தள்ளாடும், பேச்சு குழறும், பொருளை எடுக்க நீட்டும் கை இலக்கைத் தாண்டும் அல்லது நடுங்கும். தசைகள் வலுவாக இருந்தாலும் இவ்வாறு நேரும்.

இது கவனக்குறைவு அன்று. மது அருந்தியதன் அடையாளமாகவும் எடுத்துக்கொள்ளலாகாது. பிழையைத் திருத்திக் கற்கும் உறுப்பே பாதிக்கப்பட்டிருப்பதால், பாதிக்கப்பட்டவருக்குக் கூடுதல் நேரமும் கூடுதல் முறைகளும் தேவைப்படும். அவரைக் கடிந்துகொள்வதால் பயனில்லை.

• இயன்முறை மருத்துவர் கற்பிக்கும் சமநிலை, ஒருங்கிணைவுப் பயிற்சிகளை விடாது தொடர்க. இத்தகைய பயிற்சி, மெல்ல முற்றும் சிறுமூளை நோய்களிலும் நடையை மேம்படுத்த உதவுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.
• ஒரு நேரத்தில் ஒரு செயலை மட்டும் பழகுக. நடக்கும்போது உரையாடலைத் தவிர்க்க.
• வீட்டில் கைப்பிடிகள், போதிய வெளிச்சம், வழுக்காத தரை ஆகியவற்றை உறுதிசெய்க.
• மதுவை முற்றிலும் தவிர்க்க. மருத்துவரைக் கேளாமல் மருந்துகளை நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம்.

திடீரெனத் தள்ளாட்டம், கடும் தலைவலி, வாந்தி, இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அது பக்கவாதமாக இருக்கலாம். அது தானே சரியாகும் எனக் காத்திராமல், உடனடியாக அவசர சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.