தோட்டத்துப் பெண்ணுக்கும் வாக்கு வேண்டும் என்ற அக்னஸ் டி சில்வா

திம்புள்ள, தலவாக்கலைப் பக்கத்தில் தேர்தல் நாளன்று கொழுந்துக் கூடையை லயத்தில் வைத்துவிட்டு, அடையாள அட்டையுடன் வரிசையில் நிற்கும் பெண்களைப் பார்த்திருப்போம். அந்த வரிசைக்குப் பின்னால் உள்ள கதையில் கண்டியைச் சேர்ந்த ஒரு பறங்கியப் பெண்ணும் வருகிறார். மலையக வரலாறு பேசும் மேடைகளில் அவர் பெயரை அதிகம் கேட்க முடியாது.

அக்னஸ் நெல் 1885இல் பிறந்தார். படித்த பறங்கியக் குடும்பம். 1908இல் அவர் மணந்த ஜோர்ஜ் ஈ. டி சில்வா, கண்டியில் தொழில் பார்த்த சிங்கள வழக்கறிஞர். இனமும் சமூக அந்தஸ்தும் வேறு வேறாக இருந்ததால், அன்றைய இலங்கையில் இலேசில் ஏற்றுக்கொள்ளப்படாத திருமணம் அது. அனில், பிரெட், மினெட் ஆகியோர் அவர்களுடைய பிள்ளைகள். கணவர் முழுநேர அரசியலில் இறங்கிவிட, கட்சிக்காரர்களும் வழக்குக்காரர்களும் வந்து போகும் வீட்டில்தான் அக்னஸ் பிள்ளைகளை வளர்த்தார். பொதுவாழ்வுக்கு வீட்டைவிட்டு அவர் வெளியே போகவில்லை, பொதுவாழ்வு வீட்டுக்குள் வந்தது என்று சொன்னாலும் தவறில்லை.

1927இன் இறுதியில் டொனமூர் ஆணைக்குழு இலங்கை வந்தது. அப்போது மக்கள்தொகையில் ஏறத்தாழ 4 வீதமானோருக்கே வாக்குரிமை. சொத்தும் படிப்பும் உள்ள ஆண்கள் மட்டும். அந்த டிசம்பரில் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவானது. கனடாவில் பிறந்து தமிழரை மணந்த மருத்துவர் மேரி இரத்தினம் போன்றோர் அதில் இருந்தனர். சங்கத்தின் செயலாளர் அக்னஸ். கடைக்குட்டி மினெட்டுக்கு அப்போது பத்து வயதுகூட நிரம்பவில்லை.

சங்கத்தின் சார்பில் பெண்கள் ஆணைக்குழுவின் முன் போய் அமர்ந்தனர். படித்த பெண்களுக்கு வாக்கு என்றால் தலையாட்டக் கூடியவர்கள் அங்கே இருந்தார்கள். அந்த எல்லைக்குள் நின்றுகொண்டால் காரியம் சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் டொனமூர் பிரபு ஒரு கேள்வி போட்டார்: தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா? அக்னஸ் தயங்கவில்லை. நிச்சயமாக வேண்டும், அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் கேட்கிறோம் என்பதே அவர் சொன்னதன் பொருள்.

இன்று இது சாதாரணமாகத் தெரியலாம். அந்தக் காலத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நாம் கொண்டாடும் பொன்னம்பலம் இராமநாதனே பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட சாதியினருக்கும் வாக்குரிமை கூடாது என்று வாதிட்டவர். தோட்டத் தமிழருக்கு வாக்குக் கிடைத்தால் மலைநாட்டுத் தொகுதிகள் கைநழுவிப் போகும் என்று கண்டியத் தலைவர்கள் அஞ்சினர். அக்னஸ் வாழ்ந்ததும் அவர் கணவர் அரசியல் செய்ததும் அதே கண்டியில்தான். அந்தப் பதிலால் அவர் வீட்டுக்கு ஒரு வாக்குக்கூடக் கூடியிருக்காது.

ஒருவருடைய பதிலால் மட்டும் சர்வஜன வாக்குரிமை வந்துவிட்டது என்று எழுதினால் அது புராணம். ஏ.ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கம் அதைக் கேட்டது. மலையகத்தில் கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சியம்மையும், அம்மை பாட்டுப் பாடியே, தோட்டத் தொழிலாளரைத் தட்டியெழுப்பினர். ஆணைக்குழுவோ 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மட்டுமே வாக்கைச் சிபாரிசு செய்தது. பின்னர்தான் அது 21 ஆனது. தோட்டத் தமிழருக்கு நிரந்தரக் குடியிருப்பு, படிப்பு, சொத்து என்று நிபந்தனைகள் போடப்பட்டன. துரையின் கண்காணிப்பிலும் கங்காணியின் பிடியிலும் கிடந்த பெண், அவற்றை எப்படி நிரூபிப்பாள்? 1931இல் ஏறத்தாழ ஒரு இலட்சம் இந்திய வம்சாவளியினரே வாக்காளராகப் பதிவாகினர். ஆனாலும் கதவு திறந்துவிட்டது. ஹட்டனும் தலவாக்கலையும் அரசாங்க சபைக்குத் தமிழரை அனுப்பின. 1947 பொதுத் தேர்தலில் தலவாக்கலையில் வென்றவர், தேயிலைத் தோட்டத்தைத் தன் எழுத்தில் கொண்டுவந்த சி.வி. வேலுப்பிள்ளை.

இதற்கிடையே அக்னஸின் பெண்பிள்ளைகள் கடல் கடந்தார்கள். அனில் பம்பாயில் இந்திய மக்கள் நாடக மன்றத்தைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவரானார், பின் கலை வரலாற்றாசிரியர். மினெட் பம்பாயிலும் லண்டனிலும் படித்து, பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகத்தின் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண் என்ற பெயருடன் 1948ஐ ஒட்டிக் கண்டி திரும்பினார். 1998இல் வெளிவந்த மினெட்டின் தன்வரலாற்று நூலில், கட்டடப் படங்களுக்கு நடுவே தாய் தந்தையின் நினைவுகளும் நிறைந்திருக்கின்றன. மகள் பெற்றோரைத் தன் தொழிலிலிருந்து பிரித்துப் பார்க்கவே இல்லை.

மகள் வந்த காலம் வீட்டுக்கு நல்ல காலமல்ல. 1947இல் வென்று அமைச்சரான ஜோர்ஜ், தேர்தல் மனுவால் ஆசனத்தை இழந்தார். 1950இல் காலமானார். அவர் சேர்ந்திருந்த ஐக்கிய தேசியக் கட்சியின் அரசாங்கமே 1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு தேர்தல் சட்டமும் திருத்தப்பட, தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் வாக்காளர் இடாப்பிலிருந்து நீங்கினர். எந்தப் பெண்களுக்காக அக்னஸ் வாய் திறந்தாரோ, அவர்களிடமிருந்து அந்த உரிமை பறிக்கப்பட்டதை அவர் உயிரோடிருந்தே கண்டார்.

1960இல் மட்டும் இரண்டு பொதுத் தேர்தல்கள். ஜூலையில் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதல் பெண் பிரதமரானார். அந்தத் தேர்தல் நாளன்று திம்புள்ள மலைகளில் பெரும்பாலான பெண்களுக்கு வாக்கு இருக்கவில்லை. அடுத்த ஆண்டு அக்னஸ் காலமானார்.