ஒற்றியூருக்கு நடந்த அடிகள்

வள்ளலார் என்றவுடன் வடலூரைச் சொல்வோம். சத்திய ஞான சபையையும் அணையா அடுப்பையும் சொல்வோம். ஆனால் அப்பெருமகனார் தம் வாழ்நாளில் பாதிக்கு மேல் வாழ்ந்தது நம் வடசென்னையில்தான் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

இராமலிங்கர் 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்தார். தந்தையார் இராமையா பிள்ளை, அன்னையார் சின்னம்மை. கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தார். குடும்பம் பொன்னேரிப் பக்கம் சிறிது காலம் வாழ்ந்து, பின்னர் சென்னை ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் குடியேறியது. மூத்த தமையனார் சபாபதிப் பிள்ளை புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைத் தாங்கினார். தம்பி படித்து முன்னுக்கு வர வேண்டும் என்பது அவர் ஆசை. தம்பியோ பாடத்தை விட்டுக் கந்தகோட்டத்தில் போய் நின்றார். சினம்கொண்ட தமையனார் வீட்டில் சோறிடக் கூடாது என்றார். அண்ணியார் பாப்பாத்தி அம்மாள்தாம் மறைவாகச் சோறிட்டு வந்தார். எந்த ஏழைக் குடும்பத்திலும் நடக்கக் கூடியதுதானே இது?

அவர் கால்கள் நாடிய இன்னோர் இடம் திருவொற்றியூர். ஏழுகிணற்றிலிருந்து அவ்வூர்த் தியாகராசர் கோயில் ஏறக்குறைய 8 கிலோமீட்டர். சிறுவயது தொடங்கி ஏறத்தாழ 23 ஆண்டுகள் அங்கே நடந்து சென்று வழிபட்டார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். போக 2 மணி, வர 2 மணி என்று கணக்கிட்டுப் பாருங்கள்! அன்று துறைமுகச் சுவர் இல்லை, ஆலைகள் இல்லை. இராயபுரத்திலிருந்து முதல் புகைவண்டி புறப்பட்டதே 1856 சூலை 1ஆம் நாள்தான். பட்டணத்து வடக்கு மதிலைத் தாண்டினால் சிற்றூர்களும் தோப்புகளும் மீனவர் குப்பங்களும். கிழக்கே மணலும் கடலும்.

தேரடித் தெருவில் ஆடையின்றி ஒரு துறவி அமர்ந்திருப்பாராம். போவோர் வருவோரையெல்லாம் நாய், நரி, மாடு என்று விலங்குப் பெயரால் அழைப்பவர், இளைஞர் இராமலிங்கரைக் கண்டதும் இதோ ஒரு மனிதர் வருகிறார் என்றாராம். இன்று அங்கே மெட்ரோ நிலையத்திற்கே திருவொற்றியூர் தேரடி என்றுதான் பெயர். நள்ளிரவில் திரும்பித் திண்ணையில் பசியோடு படுத்தவருக்கு வடிவுடையம்மனே அண்ணியார் உருவில் வந்து அமுதளித்தாள் என்றும் ஒரு கதை உண்டு. அறிவியல் மாணவனாகிய எனக்கு அக்கதையில் வியப்பளிப்பது வேறொன்று: வீடு உறங்கிய பிறகு திரும்பும் அளவுக்கு அவர் அங்கே தங்கியிருக்கிறார்.

அவர் நடந்தது இறைவனுக்காக. மன நலத்துக்காக அன்று. ஆயினும் அவர் உள்ளம் அமைதியாக இருந்ததா என்றால், சென்னைக் காலப் பாடல்கள் இல்லை என்றே காட்டுகின்றன. தம் மனத்தோடு ஓயாமல் வழக்காடுகிறார். தம்மையே இகழ்ந்து கொள்கிறார். நெஞ்சறிவுறுத்தல் என்று ஒரு நெடுநூலே பாடியிருக்கிறார்.

இதை நான் படித்த வேளை அப்படிப்பட்டது. சென்ற பருவத்தேர்வில் இரண்டு தாள்களில் தவறியிருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. தவறியதை யாரிடம் சொல்வது? இரவெல்லாம் விழித்துக்கொண்டு செய்த பிழையையே மீண்டும் மீண்டும் நினைத்துக் கொண்டிருந்தேன்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைப் பற்றியதே. 38 பேரை 90 நிமிடம் நடக்க விட்டார்கள். மரமும் புல்வெளியும் உள்ள இடத்தில் நடந்தவர்களுக்குத் தன்னையே நொந்து அசைபோடும் நினைப்புக் குறைந்தது. மூளையில் அதனோடு தொடர்புடைய ஒரு பகுதியின் இயக்கமும் தணிந்தது. வண்டிகள் விரையும் சாலையோரம் நடந்தவர்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழுகிணற்றிலிருந்து திருவொற்றியூருக்கு நடந்தேன். நான் அந்த இரண்டாம் வகையினரில் ஒருவன் ஆனேன்! எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகம் செல்லும் கண்டெய்னர் லாரிகளின் வரிசை, வாயெல்லாம் புழுதி. கடற்கரை எங்கே? 1876இல் துறைமுகச் சுவர் கட்டத் தொடங்கியதும் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைப்பட்டது. அது தெற்கே சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே நம் கரையைக் கடல் தின்றது. அரிப்பைத் தடுக்கப் பாறைகளைக் கொட்டினார்கள். அப்பாறைகளின் மேலேறி நின்றபோதுதான் எனக்குக் கடல் தெரிந்தது. அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்தபோது, வலை சிக்கெடுத்துக் கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் இன்றைக்கு என்ன மீன் பட்டது என்று கேட்டேன். பல நாட்களுக்குப் பிறகு என்னைப் பற்றியல்லாத ஒன்றை நானாகக் கேட்டது அப்போதுதான்.

அடிகளார் 1858இல் சென்னையை விட்டார். பணம் மிகுந்த இப்பட்டணத்தில் இருந்தால் தொல்லையே என்று அஞ்சிச் சிற்றூர்ப் புறங்களிலும் காட்டிலும் புன்செய்க் களங்களிலும் அலைந்ததைப் பின்னாளில் இறைவனிடம் தாமே விண்ணப்பித்திருக்கிறார். கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் தங்கினார். அங்கே பாடிய பாடல்களில் தம் குறையைச் சொல்லும் குரல் தணிந்து, பசித்தவர் துயரும் பயிரின் துயரும் முன்னே வந்தன என்பது என் கருத்து. வடலூரில் அவ்வூரார் 80 காணி வெறுநிலத்தை அளித்தனர். அங்கே 1867 மே 23இல் தருமச்சாலையின் அடுப்பு ஏற்றப்பட்டது. 1872 சனவரியில் அந்த வெட்டவெளியின் நடுவே ஞானசபை எழுந்தது. 1874 சனவரி 30ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் சென்று கதவை அடைத்துக்கொண்டார். அகவை 50.

தவறிய தாள்களை மீண்டும் எழுத இருக்கிறேன். இப்போதெல்லாம் லாரிகள் பெருகுமுன், காலை 5 மணிக்கே பாறைகளுக்குப் போய்விடுகிறேன். சுமை வேலைக்குப் புறப்படும் அப்பா பாதி வழி உடன் வருகிறார். தேர்வில் தவறியதை அவரிடம் சொன்னதும் அந்த வழியில்தான்.