விரல்நுனிக் காயம்

சென்ற மாதம் ஆய்வுக்கூடத்தில் என் கைபட்டு ஒரு கண்ணாடித் தகடு உடைந்தது. விரலில் சிறு கீறல்; இரண்டு சொட்டு இரத்தம். கையுறை மேசைமேல்தான் கிடந்தது; அணியச் சோம்பல். கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, கிருமி வளர்க்கும் தட்டுகளின் நடுவே வேலையைத் தொடர்ந்தேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. டாக்டர் நார்மன் பெத்தூன் நினைவுக்கு வந்தார்.

கனடாவில் 1890-இல் பிறந்தவர் பெத்தூன். 1926-இல் அவரை எலும்புருக்கி நோய் பற்றியது. அந்நாளில் பலருக்கு அது சாவோலை. அவரோ, பழுதுற்ற நுரையீரலைச் சுருக்கி ஓய்வு கொடுக்கும் சிகிச்சையைத் தமக்குச் செய்யுமாறு வற்புறுத்திப் பிழைத்தெழுந்தார்.

1936-இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. மாட்ரிட் நகரில் இரத்தத்தைப் புட்டிகளில் சேமித்து, வண்டியேற்றிப் போர்முனைக்கே கொண்டு சென்றார். 1938-இல் ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்ட சீனாவுக்குப் போனார். மலைக்கிராமங்களில் கிடைத்த இடத்தில் அறுவை செய்தார். தம் இரத்தத்தையும் கொடுத்தார்.

1939 அக்டோபர் இறுதி. கையுறையின்றி அறுவை செய்கையில் விரலில் வெட்டுப்பட்டது. சிறு காயந்தானே என்று அவர் பணியை நிறுத்தவில்லை.

திடமான மனிதனுக்குத் தோலே கோட்டைச் சுவர். அதைக் கடந்துவரும் கிருமிகளைப் பெரும்பாலும் வெள்ளணுக்கள் அங்கேயே விழுங்கிவிடும். அரிதாகச் சிலருக்கு மட்டும் அவை இரத்தத்தில் கலந்து பெருகும். அப்போது இரத்த அழுத்தம் வீழும். உறுப்புகள் ஒவ்வொன்றாய் ஓயும். பெத்தூனுக்கு நேர்ந்தது அதுவே. பெனிசிலினை ஃபிளெமிங் 1928-இலேயே கண்டிருந்தும், அது மருந்தாகக் கைக்கு வரவில்லை. நவம்பர் 12 அன்று, 49 வயதில் பெத்தூன் மறைந்தார். பிறருக்காக இரத்தம் சுமந்தவரை இரத்தத்தில் கலந்த நஞ்சே கொண்டுபோயிற்று.

1938-இல் இந்திய மருத்துவக் குழுவில் சீனா சென்ற சோலாப்பூர் டாக்டர் கோட்னிஸ், பின்னர் பெத்தூன் பெயர் தாங்கிய மருத்துவமனைக்குத் தலைவரானார். 1942-இல் அம்மண்ணிலேயே மறைந்தார்.

நண்பர்களே, பெத்தூனிடம் அன்று கையுறை இல்லை. என்னிடம் இருந்தது. என் காயம் ஆறிவிட்டது. வெட்கம் இன்னும் ஆறவில்லை. ஊரைவிட்டு இத்தனை தொலைவு வந்திருக்கும் நாம் பத்திரமாய்த் திரும்ப வேண்டுமென வீட்டார் காத்திருக்கின்றனர். கீறல் பட்டால் உடனே சோப்பு நீரில் கழுவுங்கள். பிறகு காய்ச்சலோ நடுக்கமோ கண்டால், தேர்வு இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள்.