பாராசாரியை அடக்கிய தேசிங்கு ராஜன்

குதிரையைச் சொன்னபடி நடக்கவைக்கும் போட்டி 1912 முதல் ஒலிம்பிக்கில் நடக்கிறது. அதற்குச் சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டில் குதிரையால் புகழ் பெற்றவன் தேசிங்கு ராஜன்.

அவனது இயற்பெயர் தேஜ் சிங். தந்தை சொரூப் சிங், மொகலாயருக்காகச் செஞ்சிக் கோட்டையைக் காத்தவர்.

டெல்லி பாதுஷாவிடம் பாராசாரி என்ற முரட்டுக் குதிரை இருந்ததாம். அதை அடக்க முடியாத தந்தை சிறையில் வாடினாராம். மகன் டெல்லிக்குப் போனான். ரங்கநாதரை வணங்கினான். தாவி ஏறினான். துள்ளித் திமிறிய குதிரை, கடைசியில் அவன் சொல்லுக்குப் பணிந்தது. தந்தை விடுதலையானார். பாராசாரியும் தேசிங்குக்கே பரிசாகக் கிடைத்தது. இது நாடோடிக் கதைப்பாடல் சொல்லும் கதை.

மற்றது சரித்திரம். 1714-ல் தந்தை இறந்தார். ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் கப்பப் பாக்கி கேட்டார். தேசிங்கு பணிய மறுத்தான். நவாப்பின் பெரும்படை செஞ்சிமீது பாய்ந்தது. உயிர் நண்பன் மாபத்கான், கல்யாணப் பந்தலிலிருந்தே போருக்கு ஓடிவந்தான் என்பார்கள்.

இருவரும் போர்க்களத்தில் மாண்டனர். தேசிங்குக்கு அப்போது சுமார் 22 வயதுதான். ராணி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக நவாப்பே அமைத்த ஊர்தான் ராணிப்பேட்டை என்பார்கள். பகைவனும் தலைவணங்கிய வீரம் அது!